கூட்டாளிகளோடு மலைக்குப் போய்த் தொலைவது எப்படி?

வாழ்த்துகள். ஒரு வார இறுதியில் மதோனியே மலைமுகட்டில் இரண்டு நாள் நடந்து, ஓர் இரவு கூடாரத்தில் படுப்பதென்று முடிவெடுத்துவிட்டீர்கள். முடிவெடுத்தது பலெர்மோவில் ஒரு பிறந்தநாள் விருந்தில், இரவு பதினொரு மணிக்கு மேல், ஆட்டிறைச்சிக் கறி தீர்ந்து பாட்டுத் தொடங்கிய பிறகு. அதுதான் சரியான நேரம். பகலில் யோசித்திருந்தால் இந்தப் பயணமே நடந்திராது.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பலெர்மோவிலிருந்து கிழக்கே காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே உயர்ந்து நிற்கும் பித்ஸோ கார்பொனாரா சிகரம் 1979 மீட்டர். சிசிலியில் அதைவிட உயரமானது எட்னா எரிமலை ஒன்றுதான். 1989 முதல் அந்த மலைகள் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பூங்கா. இவ்வளவு தெரிந்தால் போதும். இதற்கு மேல் படித்தால் பயம் வரும்.

இனி படிகளைப் பார்ப்போம். பெரும்பாலானவை உங்களுக்கு ஏற்கெனவே கைவந்தவை. வரிசைப்படுத்திக் கொடுப்பது மட்டும்தான் என் வேலை.

1. தகுதியை நீங்களே வழங்கிக்கொள்ளுங்கள்.
பலெர்மோவின் காவல் புனிதையான ரொசாலியாவுக்கு நேர்த்தி வைத்து, நகரை ஒட்டிய மொந்தே பெல்லெகிரினோவிலுள்ள அவர் கோயிலுக்கு வெறுங்காலோடு ஏறியிருக்கிறீர்கள் அல்லவா? அப்புறம் என்ன பயிற்சி? அந்த மலை ஏறக்குறைய 600 மீட்டர், பாதை கல் பாவியது, கோயில் உச்சிக்குக் கீழேயே வந்துவிடும், திரும்பி வர பஸ்ஸும் உண்டு என்பதையெல்லாம் கணக்கில் எடுக்காதீர்கள். மலை என்றால் மலைதான்.

2. நாளைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்.
அக்டோபரின் கடைசி வார இறுதியைப் பரிந்துரைக்கிறேன். ஞாயிறு அதிகாலையில் இத்தாலியில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும். சனிக்கிழமை ஆறு மணி தாண்டி மறைந்த சூரியன், மறுநாள் ஐந்து மணி தாண்டியதும் மறைந்துவிடும். கூட்டாளிகளோ “ஒரு மணித்தியாலம் கூடக் கிடைச்சிருக்கு மச்சான்” என்று மகிழ்ந்து, அதைத் தூங்கியே தீர்ப்பார்கள்.

3. ஆள் சேருங்கள், எண்ணாதீர்கள்.
வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்குங்கள். பதினான்கு பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். எத்தனை பேர் வருகிறார்கள் என்று கார் புறப்படும் வரை யாருக்கும் தெரியக் கூடாது. கடைசி நேரத்தில் மச்சினன் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரிடம் சொல்லவேண்டியது “ஒரு சின்ன நடை, பிக்னிக் மாதிரி” என்பது மட்டுமே. தலைவர் யார் என்று முடிவு செய்யவேண்டாம். கார் வைத்திருப்பவர்தான் தலைவர். போகும் வழியை வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள். சொன்னால் தேடுவார்கள்.

4. நேரத்தை அன்போடு கணக்கிடுங்கள்.
வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1892இல் ஒரு விதி சொன்னார்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். 14 கிலோமீட்டர் நடந்து 900 மீட்டர் ஏறுவதென்றால் ஏறக்குறைய நாலேகால் மணி. அதிலும் அவர் கணக்கில் ஓய்வு இல்லை, உங்கள் மச்சினனும் இல்லை. இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கூகுள் வரைபடத்தில் விரலை வைத்து “இவ்வளவுதானே” என்று அளந்துகொள்ளுங்கள். காலை ஆறுக்குப் புறப்படுவதாக அறிவித்து ஒன்பதரைக்குப் புறப்படுங்கள். செஃபாலுவில் இறங்கிக் கடலையும் பாருங்கள். மலை எங்கேயும் ஓடிவிடாது.

5. அழகாக உடுத்துங்கள்.
ஜீன்ஸ் போடுங்கள், பருத்திச் சட்டை போடுங்கள். பருத்தி நனைந்தால் லேசில் காயாது; காற்றடிக்கும் இடத்தில் உடம்புச் சூட்டையெல்லாம் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். பலெர்மோவில் 24 டிகிரி என்றால் கார்பொனாராவில் 11, காற்று தனி. ஆனால் நீங்கள் உடுத்துவது வீட்டு பால்கனியில் நின்று பார்த்த வானத்துக்குத்தான். சப்பாத்து புதிதாக இருக்கட்டும். பெட்டியிலிருந்து எடுத்த அன்றே அதை மலையில் அறிமுகப்படுத்துங்கள். முதல் கொப்புளம் ஒரு மணி நேரத்துக்குள் வரும்.

6. சோற்றைச் சுமந்து, தண்ணீரை நம்புங்கள்.
இந்தப் படியில் நம்மவர்களை யாரும் வெல்ல முடியாது. புட்டு, சம்பல், கோழிக்கறி, அவித்த முட்டை, பெரிய தாச்சி, தேத்தண்ணிக்குக் கேத்தல். கறிச்சட்டி மூடியை நூலால் கட்டி, ஆகக் குறைவாகப் பேசும் தம்பியின் முதுகில் ஏற்றுங்கள். நடுவழியில் எண்ணெய் கசிந்து அவன் படுக்கைப் பைக்குள் இறங்கும். இரவு முழுக்க அவனுக்கு வாசனையாக இருக்கும். பன்றிகளுக்கும் இருக்கும், அந்தக் காட்டில் அவை தாராளம்.

தண்ணீர் மட்டும் ஆளுக்கு அரை லீட்டர் போதும். “மலையெண்டால் அருவி இருக்கும்தானே?” மதோனியேயின் உச்சிப் பகுதி சுண்ணாம்புக்கல். பெய்கிற மழையையும் உருகுகிற பனியையும் வெடிப்புகள் வழியே அது அப்படியே விழுங்கி, மலைக்குள் குகைகளைக் குடைந்து, எங்கோ கீழே ஊற்றாக விடும். முகட்டில் குடிக்க ஒரு சொட்டு இருக்காது. இந்தத் தகவலைப் பகல் இரண்டு மணிக்கு, மிளகாய்ச் சம்பல் சாப்பிட்டு முடித்த பிறகு தெரிந்துகொள்வதே நல்லது.

7. வழியைக் கைபேசியிடம் ஒப்படையுங்கள்.
வரைபடத்தைத் தரவிறக்கி வைக்காதீர்கள். சிக்னல் இருக்கும், கடவுள் இருக்கிறார். ஏறும்போது பாட்டைச் சத்தமாகப் போட்டு, ஒவ்வொரு வளைவிலும் வீடியோ எடுத்து, பிற்பகலுக்குள் பேட்டரியைப் பதினாலு சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். இரவில் டார்ச்சும் அதுவேதான்.

இத்தாலிய மலைப் பாதைகளில் பாறைகளின் மேல் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டி, சில இடங்களில் பாதை எண்ணும் எழுதியிருப்பார்கள். அந்தப் பாறைகள் உட்கார வசதியானவை. உட்காருங்கள், சோத்துப் பார்சலை அதன் மேலேயே விரியுங்கள். எழுந்ததும் ஆட்டுத் தடம் ஒன்று இன்னும் அகலமாகத் தெரியும். அதில் போங்கள்.

8. மூடுபனியில் வேகத்தைக் கூட்டுங்கள்.
கார்பொனாராவைச் சுற்றிலும் நிலம் கிண்ணம் கிண்ணமாக உள்வாங்கியிருக்கும். கரைந்துபோன சுண்ணாம்புக்கல்லின் வேலை அது. ஒரு பள்ளத்துக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் தெரியாது. கடலிலிருந்து மேகம் ஏறி வந்தால் ஐந்து நிமிடத்தில் முன்னால் போகிறவரின் பை மறைந்துவிடும். நிற்காதீர்கள். ஒரு பள்ளத்தில் இறங்கி, பீச் மரச் சருகில் வழுக்கி, மறுபக்கம் ஏறி, அடுத்த பள்ளத்தில் இறங்குங்கள். சற்று முன் வீசிய முட்டைக் கோது காலடியில் தென்பட்டால் “இந்த வழியால ஆக்கள் போயிருக்கினம்” என்று தைரியம் கொள்ளுங்கள்.

9. கூட்டத்தைப் பிரியுங்கள்.
வேகமானவர்கள் முன்னே போகட்டும். மேலே ஒரு பாறையில் இருபது நிமிடம் உட்கார்ந்து, பிஸ்கட் தின்று, இளைப்பாறட்டும். கடைசி ஆள் மூச்சு வாங்கி வந்து பையை இறக்கப்போகும் அந்த நொடியில் “சரி, வெளிக்கிடுவம்” என்று எழும்பட்டும். இதனால் ஓய்வு தேவைப்படாதவருக்கு நாள் முழுக்க ஓய்வும், தேவைப்படுபவருக்கு நாள் முழுக்க நடையும் கிடைக்கும்.

10. தீ மூட்டுங்கள்.
பியானோ பத்தாலியாவில் மலைவிடுதி உண்டு, அங்கே தங்காதீர்கள். கூடாரம் அடிக்கலாமா, நெருப்பு வைக்கலாமா என்று பூங்கா அலுவலகத்தில் கேட்காதீர்கள். கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள். காய்ந்த கிளையாகப் பார்த்து முறியுங்கள். சிசிலி ஃபிர் என்றொரு மரம் உலகத்திலேயே இந்த மலைகளில்தான் இயற்கையாக நிற்கிறது, முதிர்ந்தவை ஏறக்குறைய முப்பதுதான் மிச்சம். அதனாலென்ன, விறகில் பெயர் எழுதியா இருக்கிறது?

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை யாராவது நினைவுபடுத்தினால், “அது இந்தியா” என்று சொல்லுங்கள். 2023 ஜூலை 25 அன்று தீ நெருங்கி வந்து பலெர்மோ விமான நிலையத்தையே சில மணி நேரம் மூடினார்களே என்றால், “அது கோடை” என்று சொல்லுங்கள்.

11. திரும்புவோம் என்று ஒருவரும் சொல்லக் கூடாது.
இது தலையாய படி. இதைச் சரியாகச் செய்தால் மற்றப் பதினொன்றையும் மறந்தாலும் பரவாயில்லை.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. முகட்டில் நிற்கிறீர்கள். மேகம் இறங்குகிறது, தண்ணீர் முடிந்துவிட்டது, மச்சினன் நொண்டுகிறார். வந்திருக்கும் ஆறு பேருக்கும் மனதில் இருப்பது ஒன்றே: வந்த வழியே திரும்பினால் நல்லது. ஆறு பேரும் அதை விழுங்குங்கள். வயதில் மூத்தவர் இளையவர்களின் முகத்தைப் பார்க்கட்டும். இளையவர்கள் “அண்ணை சொல்லட்டும்” என்று இருக்கட்டும். யாராவது “ஓகேதானே?” என்று கேட்டால் “உங்களுக்கு ஓமெண்டால் எனக்கும் ஓம்” என்று சொல்லுங்கள். அப்படியே, ஒருவருக்கும் விருப்பமில்லாத முடிவை ஏகமனதாக எடுத்துக்கொண்டு முன்னே நடங்கள். மரியாதை காப்பாற்றப்பட்டது. முழங்கால் எலும்பைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

12. உதவி கேட்பதைத் தள்ளிப்போடுங்கள்.
இத்தாலியில் அவசர இலக்கம் 112. இலவசம். அதனால்தான் அதில் உங்களுக்கு மதிப்பில்லை. பேட்டரியில் மூன்று சதவீதம் இருக்கும்போது முதலில் கூட்டாளி ஒருவரைக் கூப்பிட்டு “என்ன செய்யலாம்?” என்று கேளுங்கள். ஊதல் கொண்டுபோயிருக்க மாட்டீர்கள். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதினால் ஆபத்து என்று மலை தெரிந்தவர்களுக்கு விளங்கும்; எனவே கத்துங்கள். ஹெலிகொப்டர் வந்தால் ஒரு கையை மட்டும் உயர்த்தி அசையுங்கள். இரண்டு கையையும் உயர்த்தினால் “உதவி வேண்டும்” என்று அர்த்தம், ஒற்றைக் கை “வேண்டாம்”. மறு கையில்தான் கைபேசி இருக்கிறதே.

உங்களைத் தேடி இருட்டில் ஏறி வருகிற மலை மீட்புப் படையினரில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். ஞாயிறு இரவுச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு வந்தவர்கள். அவர்களிடம் “நாங்கள் தொலையவில்லை, சும்மா இருந்தோம்” என்று சொல்லத் தவறாதீர்கள்.

படித்து முடித்தீர்களா? இதில் பாதியைப் போன முறையே செய்துவிட்டோமே என்று தோன்றினால் உங்களுக்கு இனி வழிகாட்டி தேவையில்லை, ஓர் ஆள்தான் தேவை. பகல் இரண்டு மணிக்கே, எல்லோர் முகமும் கோணினாலும், “திரும்புவம்” என்று சொல்லக்கூடிய ஆள். அப்படி ஒருவர் கிடைத்தால் அவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் சொன்னதும் திரும்புங்கள்.