கிளச் புராணம்

கிளச் பிளேட்டு கருகும் வாசனை உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் நீங்களும் பழைய டிராக்டர் வைத்திருக்கிறீர்கள், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். தெரியாவிட்டால் உங்களிடம் இன்னும் கொஞ்சம் பணம் மிச்சமிருக்கிறது.

என்னுடையது தொண்ணூறுகளில் பிறந்த 35 எச்.பி. வண்டி. விற்றவர் "இன்ஜின் தங்கம்" என்றார். கியர் பாக்ஸைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தங்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் இரும்பை இழுப்பது மரியாதையா?

டெல்டாவில் கிளச்சுக்கென்று ஒரு பஞ்சாங்கம் உண்டு. கோடை முழுக்கக் கொட்டகையில் ஒரு குறையும் சொல்லாமல் நிற்கும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து, ஊரே சேற்றுழவில் இறங்கியிருக்கும்போதுதான் போகும். கேஜ் வீல் மாட்டி வயலில் இறக்கினால் இன்ஜின் கத்து கத்தென்று கத்தும், சக்கரம் அசையாது. வீட்டில் நான் அதிகாரம் செய்வதும் ஏறக்குறைய இப்படித்தான்.

கிளச் கோளாறு இரண்டு வகை. ஒன்று ஸ்லிப்: இன்ஜின் சுற்றும், வண்டி போகாது. இன்னொன்று, பெடலை முழுக்க மிதித்தாலும் பிளேட்டு விடாது, கியர் போட்டால் கறகறவென்று பல்லைக் கடிக்கும். பெடலில் 20, 25 மில்லிமீட்டர் அளவுக்கு சும்மா ஆட்டம் இருக்க வேண்டும். அது அறவே இல்லாவிட்டால் ஸ்லிப், ரொம்பக் கூடினால் கறகற. ஸ்லிப் ஆன வண்டிக்கு நான் ராடை இன்னும் இறுக்கி, இருந்த ஆட்டத்தையும் ஒழித்தேன். எது லூஸானாலும் இறுக்கு என்பதுதானே நமக்குத் தெரிந்த இன்ஜினியரிங்.

டிராக்டருக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. இன்ஜினும் கியர் பாக்ஸும்தான் அதன் முதுகெலும்பு. கிளச்சைப் பார்க்க வேண்டுமென்றால் ஜாக்கி கொடுத்து, கட்டை முட்டுக் கொடுத்து, வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிரித்துப்போட்ட வண்டியைப் பார்க்க ஊரில் பாதிப்பேர் வருவார்கள், கடன் கொடுத்தவர் உட்பட.

"அண்ணே, பிளேட்டு ஏன் தேஞ்சுதுன்னு பாப்பமா?" என்றார் மெக்கானிக் தம்பி. "தேயறதுக்குத்தான தம்பி பிளேட்டு? மாத்துங்க" என்றேன். இந்தத் தத்துவத்தைத் தொடர்ந்து சில வருஷம் கடைப்பிடித்தேன். உதிரிபாகக் கடைக்காரர் என்னைக் கண்டால் எழுந்து நிற்க ஆரம்பித்தார்.

சும்மா இருக்கக்கூடாதென்று உதவியும் செய்தேன். ரிலீஸ் பேரிங்கில் அழுக்கு அப்பியிருந்தது. இரவெல்லாம் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்துக் கொடுத்தேன். அது சீல் வைத்த பேரிங். உள்ளே ஆயுளுக்கும் வைத்திருந்த கிரீஸைக் கரைத்து வெளியேற்றிவிட்டேன். ஆனால் பளபளவென்று இருந்தது. கதறியதும் பளபளப்பாகத்தான் கதறியது.

ஒருநாள் தம்பி மட்கார்டில் உட்கார்ந்து என்கூடவே வந்தார். கொஞ்ச தூரம் போனதும், "இடது கால் எங்கண்ணே இருக்கு?" என்றார். கிளச் மேல்தான். அப்படி வைத்தால் பேரிங் ஓயாமல் ஃபிங்கர்களை அழுத்திக்கொண்டே இருக்கும், பிளேட்டு முழுதாகப் பிடிக்காமல் உரசித் தீயும் என்று விளக்கினார். "எதுக்கும் தயாரா இருக்கேன் தம்பி" என்றேன். "எதுக்கு?" என்றார். யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

காலைத் திருத்திக்கொண்ட பிறகும் பிளேட்டு போனது. இந்தத் தடவை எண்ணெயில் குளித்திருந்தது.

பெல் ஹவுசிங்கின் அடியில் சின்னதாக ஓர் ஓட்டை உண்டு. அதில் ஒரு காட்டர் பின் தொளதொளவென்று தொங்கும். அது ஆடிக்கொண்டே இருந்தால்தான் சேறு அடைக்காது. இன்ஜின் பக்கத்து சீலோ கியர் பாக்ஸ் பக்கத்து சீலோ கசிந்தால், எண்ணெய் பிளேட்டுக்குப் போகாமல் அந்த வழியாகச் சொட்டிச் சேதி சொல்லும். எங்களுக்கும் சொன்னது, போர்டிகோ சிமென்ட் தரையில். கறையைப் பார்த்து வீட்டம்மா என்னைச் சொல்ல, நான் அந்தப் பின்னை யாரோ மறந்துவிட்டுப் போனது என்று பிடுங்கி எறிந்துவிட்டு, ஓட்டையை எம்சீல் வைத்து அடைத்தேன். தரை சுத்தமானது. எங்கள் இல்லறத்தில் நான் பாராட்டு வாங்கிய அபூர்வ தருணம் அது.

தம்பி எம்சீலைக் குத்தி எடுத்ததும் எண்ணெய் அவர் முழங்கை வரை வழிந்தது. தொட்டு முகர்ந்தார். கியர் ஆயில் என்றால் கந்தக நெடி அடிக்குமாம். இது கறுப்பு, நெடி இல்லை, ஆக இன்ஜின் ஆயில், ஃப்ளைவீலுக்குப் பின்னால் இருக்கும் சீல் போயிருக்கிறது என்றார். நானும் முகர்ந்து தலையாட்டினேன். எனக்கு இரண்டுமே கடன் வாசனைதான். அந்த சீலின் விலை, கிளச் செட் வாங்கும்போதெல்லாம் நான் பேரம் பேசிக் குறைத்த தொகையைவிடக் குறைவு.

"ஓட்டைய யாருண்ணே அடச்சது?" என்றார். முந்தைய ஓனராக இருக்கும் என்றேன்.

இப்போது கிளச் அருமையாக இருக்கிறது. இரண்டாம் கியர்தான் லோடு ஏறினால் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. தம்பி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் லீவரை சைக்கிள் டியூபால் சீட்டோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். நன்றாகவே பிடிக்கிறது. எதற்கு அவரை வீணாக அலைய வைப்பது என்றும் யோசிக்கிறேன்.