என்னங்க... இருக்கேன்!

"எம்.ஜி.பி. வாங்கியிருக்கேன்" என்று மதுரைக்குப் போன் போட்டுச் சொன்னபோது அம்மாவுக்கு முதல் இரண்டு எழுத்து மட்டும்தான் காதில் விழுந்தது. "அவரு ஓட்டுன காராடா?" என்றாள், குரலே மாறி. இல்லம்மா, இது இங்கிலாந்து வண்டி, 1972-இல் செய்தது, மேல்துணியை மடக்கிவிட்டு ஓட்டலாம், இரண்டே சீட்டு என்று விளக்கினேன். "ரெண்டு சீட்டுன்னா பிள்ளைக எங்கடா உக்காரும்?" இதே கேள்வியை என் மனைவி கேட்டு மூன்று நாள் ஆகியிருந்தது.

நான் குடியிருக்கும் ரெடிங்கிலிருந்து முக்கால் மணி நேரத்தில் ஆபிங்டன் போய்விடலாம். 1962 முதல் 1980 வரை அங்கே இந்த வண்டியை 5 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். என்னிடம் வந்தது போகிற இடமெல்லாம் ஆயில் சொட்டி, வந்த வழிக்கு அடையாளம் வைத்தது. தவிர, 40 வயது தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு இந்த நாட்டில் வருடாந்திரச் சோதனை கட்டாயமில்லை. அதாவது, அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேறு நாதியில்லை. நானேதான் படுக்க வேண்டும். தரைக்கும் அடிவயிற்றுக்கும் இடையே சுமார் 5 அங்குலம். என் அடிவயிறு மட்டுமே அதைவிட உயரம்.

டிக்கியில் வண்டியோடு வந்த ஜாக்கி இருந்தது. கதவுக்குக் கீழே, நட்டநடுவில் ஒரு துளை. அதில் ஜாக்கியின் கையைச் செருகிச் சுற்றினால் அந்தப் பக்கத்து இரண்டு சக்கரமும் ஒன்றாக எழும்பும். ஆகா, என்ன மூளை என்று சுற்றினேன். முறுக்குக் கடிக்கிற சத்தம். தரையில் பழுப்பாகப் பொடி கொட்டியது. ஜாக்கி உயர்ந்துகொண்டே போகிறது, வண்டி உயரவில்லை. பயந்துபோய்க் கதவைத் திறக்கப் பார்த்தால் அது வரவில்லை.

இந்த வண்டிக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது, உடம்பேதான் எலும்பும். கூரையில்லாத மாடலில் கதவுக்கடியில் ஓடும் பெட்டிச் சட்டம்தான் முக்கால்வாசி முதுகெலும்பு. அது துருப்பிடித்திருந்தால் நடுவில் தூக்கும்போது முன்னும் பின்னும் தொங்கி, கதவு இறுகிவிடும். பழைய எம்.ஜி.பி. வாங்கப் போகிறவர்கள் தூக்கிப் பார்த்துக் கதவைத் திறந்து காட்டச் சொல்வார்களாம். நான் வாங்கும்போது பெயின்ட் பளபளப்பைத்தான் பார்த்தேன்.

சட்டத்தை வெட்டி வெல்டிங் செய்த கணக்கு மனைவிக்குத் தெரியாது, இங்கேயும் எழுதப்போவதில்லை.

பிறகுதான் சித்தப்பாவை வீடியோ காலில் பிடித்தேன். முப்பது வருஷம் அம்பாசிடர் டாக்ஸி வைத்திருந்தவர். பானெட்டைத் திறந்து காட்டியதும், "டேய், இது நம்ம அம்பாசிடர் இன்ஜின்டா!" என்று கத்தினார். தப்பில்லை. இரண்டும் பி.எம்.சி. கம்பெனியின் பி-சீரிஸ் இன்ஜின் வம்சம். அவருடையது 1489 சி.சி., என்னுடையது 1798. ஒரு தாய் பிள்ளைகளில் ஒன்று மாட்டுத்தாவணியில் சவாரி பிடித்துப் பிழைத்தது; இன்னொன்று இங்கே ஞாயிறு மாலை மட்டும் வெளியே கிளம்புகிற சீமானாகிவிட்டது.

"எதை வச்சுத் தூக்குன?" என்றார்.

புதிதாக வாங்கிய இரண்டு டன் டிராலி ஜாக்கியைப் பெருமையாகக் காட்டினேன்.

"அது தூக்குறதுக்கு. தாங்குறதுக்கு என்ன வச்சிருக்க?"

விழித்தேன். ஜாக்கிக்குள்ளே இருப்பது எண்ணெயும் ஒரு ரப்பர் வளையமும். வளையம் எப்போது விடும் என்று அதற்கே தெரியாது. ஒரு காலத்தில் சித்தப்பாவும் செங்கல்லை அடுக்கிவைத்துத்தான் கீழே போனாராம். ஒருநாள் அடிக்கல் பிளந்தது. பிளக்கிற கல் சொல்லிவிட்டுப் பிளப்பதில்லை. கழற்றின டயரைத் தற்செயலாக வண்டிக்கடியில் தள்ளியிருந்ததால் இன்றைக்கு எனக்கு அவர் வீடியோ காலில் வருகிறார். அதிலிருந்து செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் அவருக்கு வீடு கட்டத்தான்.

தூக்கிய வண்டியைத் தாங்க ஸ்டாண்டுகள் வாங்கிவந்தேன். அடுத்த வாரம் பின்பக்க பிரேக்கைப் பார்க்க, பின் ஆக்ஸில் நடுவே குண்டாக இருக்கும் டிஃபரன்ஷியலுக்குக் கீழே ஜாக்கியை வைத்து அழுத்தினேன். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தேன், கியரிலும் விட்டிருந்தேன். இரண்டுமே பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். அந்தப் பின்சக்கரம் இப்போது ஆகாயத்தில். எங்கள் வாசலோ தெருவைப் பார்த்துச் சற்றே சரிவு. ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவான அந்த வண்டி, ஜாக்கியையும் கூட்டிக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி மெல்ல நகர்ந்து போய்க் குப்பைத்தொட்டியில் சாய்ந்து நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் டீக்கோப்பையோடு நின்ற வெள்ளைக்காரப் பெரியவர், "நல்ல வெயில்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த நாகரிகம்தான் என்னைக் கொன்றது.

இப்போதெல்லாம் பூஜை முறையாக நடக்கிறது. இருப்பதில் சமதளமான இடம். தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை. சக்கர நட்டுகளைத் தூக்குவதற்கு முன்பே லேசாகத் தளர்த்திவிடுவேன். ஜாக்கித் தலையில் ஒரு மரத்துண்டு. வெயில் காலத்தில் எங்கள் தார்த்தரை இளகி ஸ்டாண்டின் கால் அல்வாவில் விரல் போல இறங்குவதால், அடியில் பிளைவுட் பலகை. பின்பக்கமானால் ஆக்ஸில் குழாய்க்குக் கீழே இரண்டு ஸ்டாண்டு, கழற்றின சக்கரம் சட்டத்துக்கடியில். கடைசியாக, வண்டியைப் பிடித்து ஒரு உலுக்கு. விழுவதானால் நான் வெளியே இருக்கும்போதே விழட்டும். இத்தனைக்கும் ஒன்றரை மணி நேரம். ஆயில் மாற்ற இருபது நிமிஷம்.

சித்தப்பாவின் கடைசி நிபந்தனை, வீட்டில் ஆள் இல்லாமல் கீழே போகக்கூடாது என்பது. மனைவி அதை ஒரு ஏற்பாடாகவே ஆக்கிவிட்டாள். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சமையலறை ஜன்னலிலிருந்து "என்னங்க!" என்பாள். நான் அடியிலிருந்து "இருக்கேன்!" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கரண்டியோடு ஓடிவருவாள்.

போன சனிக்கிழமை அவள் கடைக்குக் கிளம்பினாள். வேலையை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. வேலிப்பக்கம் போய் ஏதோ பேசிவிட்டுத்தான் போனாள். முகத்தில் ஆயில் சொட்டச் சொட்ட நான் வடிகால் நட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, டீக்கோப்பை கிணுங்கும் சத்தம் கேட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, கூச்சமும் மரியாதையுமாக அந்தப் பெரியவர் கூப்பிட்டார்:

"என்னங்கா?"

"இருக்கேன்!" என்றேன்.