ரயில்காரர் வெட்டிய வாய்க்கால்

சென்ட்ரலுக்கு வரும் வண்டிகள் பேசின் பிரிட்ஜில் கொஞ்ச நேரம் தவம் இருந்துவிட்டுத்தான் உள்ளே நுழையும். சீட்டுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, செருப்பைத் தேடி மாட்டி, கதவோரம் முண்டியடித்து நின்ற பிறகுதான் அந்தத் தவம் தொடங்கும். அப்போது ஜன்னலுக்குக் கீழே கறுப்பாக ஏதோ பளபளக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு "கூவம்!" என்பார்கள். கூவம் செய்த பாவம் அதற்கே போதும், இதையும் அதன் தலையில் கட்ட வேண்டாம். இது பக்கிங்காம் கால்வாய். படகுகள் ஒதுங்கிச் சரக்கு இறக்கிய அதன் துறைதான் பாலத்துக்குப் பெயர் கொடுத்த பேசின்.

அதைப் பார்க்க நடந்துதான் போக வேண்டும். சென்ட்ரலிலிருந்து வால்டாக்ஸ் சாலை வழியாக வடக்கே போனால் ஆயிற்று. கம்பெனிக்காரன் ஊரைச் சுற்றி மதில் கட்டினான், காவல் உங்களுக்குத்தானே என்று செலவை ஊர்க்காரர்கள் தலையில் போடப் பார்த்தான். வரி வசூலானபாடில்லை. பெயர் மட்டும் ரோட்டோடு ஒட்டிக்கொண்டது.

பார்சல் ஆபீஸ் வாசலில் ஒருவர் கோணூசியால் சாக்கு மூட்டையின் வாயைத் தைத்து, குச்சியில் துணி சுற்றி நீல மையைத் தொட்டு ஊர்ப்பெயர் எழுதிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பேசின் எங்க இருக்கு?"

"நேரா போப்பா, பிரிட்ஜ் வரும்."

"பிரிட்ஜ் தெரியும்ணே. பேசின்?"

"அதான் பிரிட்ஜுன்னு சொல்றேன்ல!"

இந்தத் தண்ணீருக்கு முதல் பிள்ளையார் சுழி போட்டவர் பேசில் காக்ரேன். ஸ்காட்லாந்துப் பிரபு வீட்டுப் பிள்ளை. வீட்டில் அண்ணன் தம்பி அதிகம், பட்டத்துக்கு வாய்ப்பில்லை. எனவே மதராஸ் வந்து பிரிட்டிஷ் கடற்படைக்குச் சாப்பாட்டுக் காண்ட்ராக்ட் எடுத்து, பிரபுவுக்கு மேல் சம்பாதித்தார். 1806 வாக்கில் எண்ணூர் வரை ஓடிய கால்வாய் இவர் கைக்காசில் வந்தது, சுங்கமும் இவர் கைக்கே போனது. பிறகு ஊர் திரும்பி, கடற்படைக் கணக்குப் பிள்ளைகளோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார். மதராஸில் வெந்தது போதவில்லையோ என்னவோ, லண்டன் வீட்டிலேயே ஆவிக்குளியல் கூடம் ஒன்றும் வைத்தார். அங்கே வேலை பார்த்த பாட்னாக்காரர் ஷேக் தீன் முகமது, பின்னாளில் பிரைட்டனில் சொந்தக் கடை போட்டு இங்கிலாந்து ராஜாக்களுக்கே எண்ணெய் தேய்த்துவிட்டார் என்பது வேறு கதை.

காக்ரேன் கால்வாயில் உப்பும் விறகும் கிளிஞ்சலும் வந்தன. பேசின் அருகே உப்புக் கிடங்குகள் எழுந்தன. அந்தக் கிடங்குகளின் சால்ட் கோட்டர்ஸ் என்ற பெயர் இன்றைக்கு ரயில்வேயின் கூட்ஸ் யார்டுக்குப் போய்விட்டது. கால்வாயின் சொத்து கை மாறிய விதத்துக்கு இது ஒரு சாம்பிள்தான். மெயின் லைன் சென்ட்ரலுக்கும் புறநகர் சென்ட்ரலுக்கும் நடுவே சந்துபோல ஓடுவதும் இதே கால்வாய். இருபுறமும் பிளாட்பாரம் எழுப்பி நடுவில் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

ரயிலுக்கும் கால்வாய்க்கும் நடந்த இந்தச் சண்டையில் யார் எந்தக் கட்சி என்பதுதான் வேடிக்கை. ஆர்தர் காட்டன் என்றால் அணை, வாய்க்கால் என்றுதான் நமக்கு ஞாபகம் வரும். கொள்ளிடத்திலும் கோதாவரியிலும் தண்ணீரை மறித்த மனிதர். கிழவயதில், ரயிலுக்குக் கொட்டும் பணத்தில் படகுக் கால்வாய் வெட்டியிருக்கலாமே என்று கண்ட இடமெல்லாம் புலம்பினார். ஆனால் 1837-லேயே செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு ரோடு போடக் கல் ஏற்றிவர, இந்தியாவின் முதல் ரயில்பாதையைப் போட்டவரும் சாட்சாத் இவரே. ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு 1856-ல் பயணிகளோடு ரயில் கிளம்பியபோது, நம் பாட்டன்மார் வாயைப் பிளந்தது இரண்டாம் தடவையாக இருக்க வேண்டும்.

எதிர்க்கட்சியில் பக்கிங்காம் கோமகன். முழுப்பெயர் ரிச்சர்ட் பிளான்டாஜெனெட் கேம்ப்பெல் டெம்பிள்-நியூஜென்ட்-பிரிட்ஜஸ்-சாண்டோஸ்-கிரென்வில். இதைச் சொல்லி முடிப்பதற்குள் எண்ணூர் வந்துவிடும். அப்பா திவாலாகி அரண்மனைச் சாமான்களை ஏலம் விட்டவர். பிள்ளை பிழைக்கத் தெரிந்தவர்: லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேக்குத் தலைவராக இருந்தார், தன் தோட்டத்துக்குள் சொந்தமாகவே ஒரு ரயில் விட்டார். நரம்பெல்லாம் தண்டவாளம் ஓடிய இந்த மனிதர் 1875-ல் மதராஸ் கவர்னராக வந்தார். வாய்க்காலுக்குப் பெயர் வைக்க இவரைத்தான் பிடித்தார்கள்.

அவர் வந்த மறுவருஷமே தாது வருஷப் பஞ்சம். இந்த இடத்தில் சிரிப்பு தொண்டையில் அடைக்கிறது. லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்துக்கொண்டிருக்க, வைஸ்ராய் லிட்டன் 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் தர்பார் நடத்திக் குளிர்காய்ந்தார். அவர் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வருகிறவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கணக்குப் போட்டார். அரைக்கிலோகூட இல்லை. அதைத் தின்றுவிட்டு மண் வெட்ட வேண்டும். போதாது என்று மதராஸ் சுகாதார அதிகாரி கார்னிஷ் சண்டை போட வேண்டியிருந்தது. அந்தப் பஞ்சத்தில், 1877-78-ல், கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே எட்டு கிலோமீட்டர் வெட்டி வடக்கையும் தெற்கையும் இணைத்தார்கள். மண்வெட்டி பிடித்தவர்களில் ஒருவன் பெயரும் கரையில் இல்லை. கோமகன் பெயர் இருக்கிறது, நல்லவேளையாகச் சுருக்கி.

பேசின் பிரிட்ஜில் நின்று பார்த்தால் கும்மிடிப்பூண்டிக்கு ஒரு பக்கம், அரக்கோணத்துக்கு ஒரு பக்கம், கடற்கரைக்கு ஒரு பக்கம் என்று தண்டவாளங்கள் பின்னிக்கொண்டு கிடக்கின்றன. அடியில் தண்ணீர் கிடக்கிறது. ஓடுகிறது என்று சொன்னால் அதுவே நம்பாது. அறுபதுகளின் நடுவில் அடித்த புயலோடு படகுகளின் கதை ஏறக்குறைய முடிந்தது.

ரயில்வேக்கு மட்டும் பசி அடங்கவில்லை. பறக்கும் ரயில் என்று தொடங்கி, 1995-ல் சேப்பாக்கம் வரை, 1997-ல் மயிலாப்பூர் வரை, 2007-ல் வேளச்சேரி வரை நீட்டினார்கள். நிலம் வாங்கினால் செலவு, நீரில் தூண் நட்டால் யார் கேட்பது? அப்படித் தூண் இறங்கியது பஞ்சத்தில் வெட்டிய அதே துண்டில். கோமகன் வீட்டுத் தோட்ட ரயிலோ, லண்டன் பாதாள ரயிலின் வாலாகச் சில காலம் ஆடிவிட்டு 1935-லேயே மூடப்பட்டது. ஊரில் போன ரயில் அவர் பெயருள்ள வாய்க்கால் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

2008-ல் அரசாங்கம் இந்தக் கால்வாயையும் சேர்த்து, காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரை தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்தது. யாராவது அறிவிப்பை நம்பிப் படகை இறக்கினால், திருமயிலை ஸ்டேஷன் தூண்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான்.