மானத்தைக் கப்பலேத்தாத, அப்பி

அப்பி, இஞ்ச வந்து இரி. மலாய்க்காரனும் கப்பலைக் 'கபல்'ண்ணுதான் சொல்லுதாண்ணு உனக்க போனில எவனோ ஓதிப்போட்டான். நீயும் பாறசாலைச் சந்தை முழுக்கக் கொட்டடிச்சாச்சு. அந்த மட்டுக்கு நேருதான். அங்க விமானத்துக்கே 'கபல் தெர்பாங்'ணாக்கும் பேரு, பறக்கப்பட்ட கப்பல்.

ஆனா கப்பல் தமிழா மலையாளமாண்ணு டீக்கடையில ஒருத்தனுக்க சட்டையப் பிடிச்சியே, அது எதுக்கு? 1956 நவம்பர் 1-ல மாநிலம் பிரிச்சப்போ விளவங்கோடு தமிழுக்க பக்கம் அங்கோட்டும் நெய்யாற்றின்கரை இஞ்சோட்டும் போச்சு. சொல்லுக்கு எவன் சர்வே கல்லு நாட்டினான்?

விழிஞ்ஞம் நம்ம தாலூக்குதானே. 2025 ஜூனில எம்.எஸ்.சி. ஐரினாண்ணு ஒரு கப்பல் வந்து கெடந்துது, 24,346 பெட்டி கொள்ளுமாம். அந்தப் பெட்டியும் மலாயில 'பெத்தி'தான். பிரிட்ஜ் அவனுக்குப் 'பெத்தி செஜுக்'.

இதெல்லாம் அக்கரை போன வழியக் கேளு. 849-ல கொல்லத்துல வேணாட்டு அய்யனடிகள் கொடுத்த செப்பேட்டில மணிக்கிராமம்ணு ஒரு ஏவாரிக் கூட்டம் வருது. அதே பேரு தாய்லாந்து தக்குவாபாவில கெடைச்ச தமிழ்க் கல்வெட்டிலும் உண்டு. அவனிநாரணம்ணு ஒரு குளத்தைத் தோண்டி, அவுங்க அடைக்கலத்துல விட்டிருக்கு. மலாயில இண்ணைக்கும் குளத்துக்குக் 'கோலம்'ணுதான் பேரு. ஏவாரிக்க வாயில ஏறினாத்தான் சொல்லு கடல் தாண்டும், கேட்டியா? சங்கப் புலவன்மாரு நாவாய், வங்கம், கலம்ணு பாடிட்டுக் கரையிலயே இருந்தாச்சு.

இனிதான் உனக்குள்ள சங்கதி. சத்தம் ஒத்தா சொந்தம்ணு கண்டவனை எல்லாம் மாமாண்ணு விளிக்காத. ஜாவாக்காரன் மரியாதையாப் பேசும்போ 'கபல்'ண்ணா குதிரை. உடனே கப்பல்ல வந்த குதிரைண்ணு கதை கெட்டீராத. பிலிப்பைன்ஸ்ல 'கபல்'ண்ணா தடிமன். 'மகபல் அங் முக்கா'ண்ணு ஒருத்தனைச் சொன்னா, மூஞ்சித்தோலு தடிச்சவன், நாணம் கெட்டவன்ணு அர்த்தம். அந்தக் கபலுக்கும் நம்ம கப்பலுக்கும் ஒரு பந்தமும் இல்ல. பொறத்தால நிக்குதே 'முக்கா', வடமொழி முகம், அதுதான் நமக்கும் அவனுக்கும் பொதுச் சொத்து. நீ அந்தச் சொந்தக்காரனைத் திரும்பிப் பாக்காம, வழிப்போக்கனை வீட்டில கூட்டி இலை போட்டீராத.

இஞ்ச மானம் கப்பலேறினா நாணக்கேடு. அங்க மூஞ்சி கபலானா நாணமே கெடையாது. அதனால மணிலாவுக்கு வேலைக்குப் போனா, 'கபல் எங்களுக்கு உள்ளது'ண்ணு மாரு தட்டீராத. அவன் உனக்க மூஞ்சியப் பாத்துட்டு, சத்தியம்தாண்ணு ஒத்துக்கிடுவான்.