பருந்துக்கும் ஒரு வருகைப் பதிவேடு

கே: வசந்த காலத்தில் இத்தாலியின் மெசினா நீரிணைக்கு மேல் கழுகுகள் கூட்டம் கூட்டமாகப் போகின்றனவாமே?

ப: கழுகு இல்லை, தேன்பருந்து! வளைந்த மூக்கோடு வானத்தில் எது தெரிந்தாலும் ‘கழுகு’ என்று சொல்லாதீர்கள் என்று இந்தப் பகுதியில் எத்தனை முறைதான் எழுதுவது? பருந்து, வல்லூறு, வைரி என்று நம்மிடம் பெயருக்கா பஞ்சம்? ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, கூடு கட்ட ஐரோப்பா திரும்புகிற கூட்டம் அது. வெயிலில் சூடேறி மேலே எழும் காற்றில் ஏறித்தான் மிதந்து போகும். கடலுக்கு மேல் அந்தக் காற்று அவ்வளவாகக் கிடைக்காது. அதனால்தான் குறுகலான இடம் பார்த்துக் கடக்கிறது. மெசினாவில் நீரிணையின் அகலம் ஓரிடத்தில் 3 கிலோமீட்டர்தான்.

கே: பெயரில் தேன் இருக்கிறதே, தேன் குடிக்குமா?

ப: குளவிக் கூட்டைத் தோண்டிப் புழுவைத் தின்னும்.

கே: வட்டமடிக்கும் பறவைகளை எப்படி எண்ணுகிறார்கள்? தலை சுற்றாதா?

ப: அருமையான கேள்வி! கல்யாணத்தில் பந்தி நடக்கும்போது தலையை எண்ணிப் பாருங்கள். ஒருவர் எழுந்திருப்பார், இன்னொருவர் இலை மாறுவார், குழந்தைகள் நடுவில் ஓடும். சாப்பிட்டு முடித்துக் கை கழுவ வரிசையாக வருவார்களே, அப்போது எண்ணினால் ஓர் ஆள் தப்பாது. பருந்துக்கும் அதே கணக்குதான். சூடான காற்றுத் தூணில் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுழலும்போது தொடக்கூடாது. உச்சிக்குப் போனதும் சிறகை விரித்தபடி ஒவ்வொன்றாக வரிசை பிடித்து நழுவும். கண்ணில் பைனாகுலர், கையில் எண்ணும் கருவி, கட்டை விரல் மட்டும் ‘டிக் டிக்’ என்று ஓடும்.

கே: கழுகைக் கண்டால் அதிர்ஷ்டமா?

ப: பருந்து! கண்டதே அதிர்ஷ்டம்தான்.

கே: எண்ணி என்ன லாபம்?

ப: உயிர் லாபம். வசந்தத்தில் ஒரு தேன்பருந்தையாவது சுடாத ஆணுக்கு மனைவி துரோகம் செய்வாள் என்று அந்தக் கரையோரத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. சட்டம் தடுத்தும் துப்பாக்கி ஓயவில்லை. அப்படிப் பருந்துகள் சுடப்படுவதை 1981இல் அன்னா ஜோர்தானோ என்ற பெண் பார்த்தபோது அவருக்கு வயது 15. அதன்பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும் மலைமேல் நின்று பறவைகளை எண்ணினார், வேட்டுச் சத்தத்தையும் எண்ணினார், காவலர்களுக்குத் தகவல் சொன்னார். அவருடைய காரைக் கொளுத்தினார்கள். செத்த பறவை ஒன்றை அனுப்பி மிரட்டினார்கள். அவர் மலையை விட்டு இறங்கவில்லை. 1998இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது அவரைத் தேடி வந்தது. வேட்டையும் வெகுவாகக் குறைந்தது.

வசந்த வேட்டை ஏன் அவ்வளவு கொடுமை? வசந்தத்தில் வருபவை பெரும்பாலும் வளர்ந்த பறவைகள். முந்தைய ஆண்டுக் குஞ்சுகள் ஆப்பிரிக்காவிலேயே தங்கிவிடும். ஜோடிக்கு வழக்கமாக இரண்டே முட்டை. ஏப்ரலில் ஒரு தாய் விழுந்தால், அந்த வருடம் ஒரு கூடே இல்லை.

கே: நாங்களும் போய்ப் பார்க்கலாமா?

ப: தாராளமாக! ஏப்ரல் கடைசி, மே தொடக்கம் நல்ல சமயம். தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள், நன்றாக அண்ணாந்து பார்க்கக் கழுத்தைப் பழக்குங்கள். அங்கே போய் ‘கழுகு’ என்று மட்டும் கத்தாதீர்கள்.