ரெண்டு கார்டு சொருகின மகராசனுக்கு

ஏலே பேராண்டி, மெயில் கேட்வேயில ரெண்டு நெட்வொர்க் கார்டு சொருகிட்டியாமே! ஒண்ணு இன்டர்நெட்டப் பாத்து, இன்னொண்ணு ஆபீசப் பாத்து. முன்வாசலும் புறவாசலும் வெச்ச வீடு கணக்கா அம்சமாத்தான் இருக்கு. இனி அதக் கெடுக்கிற வேலைதான பாக்கி? தாத்தா சொல்லுதேன், கேட்டுக்க.

மொதல்ல ரெண்டு கார்டுக்கும் டீஃபால்ட் கேட்வே போட்டுரு. ஒண்ணுக்குக் குடுத்து இன்னொண்ணுக்கு இல்லைன்னா ஓரவஞ்சனைல்லா? அப்புறம் பாரு கூத்த. வெளிக் கார்டு வழியா வந்தவனுக்குப் பதில் உள் கார்டு வழியாக் கெளம்பும். அங்கன நிக்கிற ஃபயர்வால், 'யாருக்குலே பதில் கொண்டு போற, அவன் வந்தத நான் பாக்கவே இல்லையே'ன்னு பாக்கெட்ட அமுக்கிரும். இன்னைக்கு ரீபூட் பண்ணினா வேலை செய்யும், நாளைக்குப் பண்ணினா செய்யாது. நீயும் கேபிளக் கழத்தி மாட்டி, கழத்தி மாட்டிப் பொழுத ஓட்டலாம், சம்பளம் வருதுல்லா. பொழைக்கத் தெரியாதவன்தான் வெளிக் கார்டுக்கு மட்டும் கேட்வே குடுத்துட்டு, 10.20.0.0/16-னு உள்ள இருக்க மத்த கட்டடங்களுக்கு உள் ரூட்டர் வழியா ஸ்டாட்டிக் ரூட் எழுதுவான். அவனுக்கு ராத்திரி ஒரு போனும் வராது, பாவம்.

அடுத்தாப்ல போஸ்ட்ஃபிக்ஸ். 3.0-க்கு முந்தின பழசு எங்கயாவது கெடந்தா எடுத்துப் போடு. அதுல 'மைநெட்வொர்க்ஸ்' எழுதாம விட்டா, ரெண்டு கார்டும் இருக்க சப்நெட் பூராத்தையும் நம்ம ஆளுகன்னு நம்பிரும். உள்பக்கம் போகட்டும். வெளிப்பக்கத்துல ஒன் பக்கத்து ஐபிக்காரன் யாருன்னு தெரியுமா ஒனக்கு? அவன் ஒன் மிஷின் வழியா ஒலகத்துக்கே குப்பை மெயில் அனுப்புவான், பிளாக்லிஸ்ட்ல ஏறுறது ஒன் ஐபி. ஊரெல்லாம் பேரு! இதுல மட்டும் எனக்கு வெளையாட்டு கெடையாது, நேராவே சொல்லிருதேன்: 127.0.0.0/8, ஒங்க உள் மெயில் சர்வர், இந்த ரெண்டத்தான் எழுதணும். உள் சப்நெட்டக்கூட முழுசா எழுதாத. எவன் கம்ப்யூட்டர்ல எந்த வைரஸ் குடியிருக்கோ.

இன்னொரு சூது உண்டு. 'இனெட் இன்டர்ஃபேசஸ்'ல ஒரே ஒரு ஐபி குடுத்தேன்னு வையி, மெயில் அனுப்பப் போகும்போதும் போஸ்ட்ஃபிக்ஸ் அந்த ஐபியோடதான் போவும். உள்ளுக்கு ஒரு இன்ஸ்டன்ஸ், வெளிக்கு ஒரு இன்ஸ்டன்ஸ்னு ஓட்டுற மேதாவிக்கு, உள்ளது 192.168-ஓட இன்டர்நெட்டுக்குப் போய் நிக்கும். பதில் எங்க வர? 'எஸ்எம்டிபி பைண்ட் அட்ரஸ்'ல 0.0.0.0 எழுதினா, போற ரூட்டுக்கு ஏத்த ஐபிய கெர்னலே எடுத்துக்கும். வெளிய தெரியிற ஐபிக்குப் பிடிஆர் இருக்கா, ஹெலோவுல சொல்லுற பேரோட அது ஒத்துப்போகுதான்னும் பாத்துக்க.

எல்லாத்தையும் மாத்திட்டு, ஒரு ரீலோடு குடுத்துட்டு, கால் மேல கால் போட்டு ஒக்காரு. இனெட் இன்டர்ஃபேசஸ் மட்டும் ரீலோடுக்கு அசையாது, நிறுத்தித்தான் தொடங்கணும். மேனுவல்ல எழுதித்தான் வெச்சிருக்கான். ஆனா அதப் படிக்கிற ஆளாலே நீ?