பங்க் ராக்கும் மெலடியும்

கேள்வி: பங்க் ராக் என்று கத்தித் திரிந்தவர்கள் கொஞ்ச நாளில் மெலடிக்கு மாறிவிடுகிறார்களே, ரசிகனுக்குச் செய்யும் துரோகம் இல்லையா? (வாசகர், எருத்தேன்பதி)

பதில்: வீட்டில் தமிழ், சித்தூர் தாலுகா ஆபீஸில் மலையாளம் என்று ஒரே நாளில் ஸ்டைல் மாற்றுகிற ஊர்க்காரர் கேட்கிற கேள்வியா இது! லண்டனில் 1976-ல் கிளம்பிய 'தி கிளாஷ்' குழு, மறு வருஷமே சி.பி.எஸ். என்ற பெரிய கம்பெனியில் கையெழுத்துப் போட்டது. 'பங்க் செத்தது' என்று அப்போதே ஒப்பாரி. அவர்களோ அசரவில்லை. 1979-ல் ரெக்கே, ஸ்கா, ஜாஸ் எல்லாம் கலந்து 'லண்டன் காலிங்' போட்டார்கள். இன்று அந்தக் குழுவின் பேர் நிற்பதே அந்த ஆல்பத்தில்தான்.

அவ்வளவு தூரம் எதற்கு? உங்கள் மாநிலத்துக் கொச்சியில் 2013-ல் பிறந்தது தைக்குடம் பிரிட்ஜ் குழு. அந்த ராக் மேடையில் வயலினோடு அதிரவிட்ட கோவிந்த் வசந்தாதான், 2018-ல் '96' படத்தின் மெலடிகளில் நம்மை மூக்கைச் சிந்த வைத்தார். எந்த ரசிகர் கோபித்துக்கொண்டார்?

பேண்டு வாழ்க்கை முக்கால்வாசி ஆம்ப்ளிஃபயர் தூக்குவதும், வேன் வாடகைக்குச் சண்டை போடுவதும்தான். அந்த எரிச்சலை இருபது வயதில் மூன்றே கிட்டார் கார்டில் கத்தலாம். நாற்பதிலும் அதே எரிச்சலை நடித்தால்தான் துரோகம். பாட்டு மோசமாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள், சேர்ந்தே திட்டுவோம்.